முன்னால் இருபத்தெட்டு, பின்னால் நாற்பது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு சைக்கிள் உதிரிபாக விலைப்பட்டியலில். 1934ஆம் வருஷத்துப் பட்டியல். அதில் ஒரு வரி: ‘பந்தய ஹப், 28 துளை, 40 துளை.’ ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம். அதில் எத்தனை துளையோ அத்தனை கம்பிதான். பிறகு மனம் மாறினால் ஹப்பையே மாற்ற வேண்டும். மனம் மாறிக்கொண்டே இருக்கிற ஆள் ஒருவர் எனக்கு உடனே தேவைப்பட்டார்.

பீர்மேட்டில் தொடங்கினேன். ‘தேயிலைச் சரிவில் பனி இறங்கிய காலையில், வட்டப் பந்தயத்துக்காக...’

அதோடு நின்றுவிட்டது. வட்டமடிக்க அந்த மலையில் எனக்குச் சமதரை அகப்படவில்லை. (இருக்கலாம். பீர்மேட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.) கதையைத் தூக்கிக்கொண்டு மீனாட்சிபுரத்துக்கு இறங்கிவிட்டேன்.

2

மீனாட்சிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சென்னிமலை. யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராதவர். அவருடைய சிநேகிதர் குப்பண்ணன், ஊரார் பாலைச் சைக்கிளில் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகிறவர். ஆள் இருநூறு ராத்தல் எடை, இன்றைய கணக்கில் தொண்ணூறு கிலோ. சொந்தமாக இருந்த ஒரே மாடு போன மழையில் செத்துப்போயிருந்தது. நோன்பித் திருவிழாவுக்குச் சந்தைத் திடலில் பத்துச் சுற்று சைக்கிள் பந்தயம் என்றும், பரிசு ஒரு சினைமாடு என்றும் தண்டோரா போட்டதும், குப்பண்ணன் நேரே கடைக்கு வந்துவிட்டார்.

“எனக்கு ரெண்டு புதுச் சக்கரம் கோத்துக் குடு சென்னிமலை. இருவத்தெட்டுக் கம்பிக்கு மேல வேண்டாம். சக்கரம் லேசா இருந்தாத்தான் ஓடும்.”

சென்னிமலை சரி என்றார்.

மத்தியானம் குப்பண்ணனின் மனைவி பெரியம்மாள் வந்தாள்.

(இவளை முதலில் வெறும் பயந்தவளாக எழுதினேன். சரிப்படவில்லை. போன வருஷம் குப்பண்ணன் விழுந்து தோள்பட்டை முறிந்து கிடந்தபோது, நாற்பது நாள் பால் தூக்கைத் தலையில் வைத்துப் பொள்ளாச்சிக்கு நடந்தவள். அவளுக்குப் பயமில்லை, அனுபவம்.)

“ஏனுங்கண்ணா, அவிய ஒடம்பு உங்களுக்குத் தெரியாதுங்களா? நாப்பது கம்பி போடுங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லீறாதீங்க.”

சென்னிமலை அதற்கும் சரி என்றார்.

3

இங்கே பத்து நாள் எழுதாமல் இருந்தேன். இருவரையும் எப்படித் திருப்திப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு போடலாமா என்றுகூட யோசித்தேன்; பட்டியலில் முப்பத்தாறு இல்லை.

வழி கண்டுபிடித்தது சென்னிமலைதான். உட்கார்ந்து மிதிக்கிறவனின் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்தில் விழும். ஆகவே பின்னால் நாற்பது, முன்னால் இருபத்தெட்டு. தொழில்படி இது நியாயமான முடிவு. யோக்கியம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால், குப்பண்ணன் வந்தபோது முன்சக்கரத்தை மட்டும் காட்டினார். பெரியம்மாள் வந்தபோது பின்சக்கரத்தை மட்டும். இருவரும் எண்ணிப் பார்த்துச் சந்தோஷமாகப் போனார்கள்.

பின்சக்கர ஹப் பந்தய ஹப். சக்கரம் உருளும்வரை பெடலும் சுற்றும். காலை ஓய்வாக வைக்க முடியாது. பிரேக்கும் கிடையாது. இதைக் குப்பண்ணனுக்கு மூன்று தடவை சொன்னார். குப்பண்ணன் மூன்று தடவையும் தலையாட்டினார்.

4

பந்தயத்தை விரிவாக எழுத ஆசைதான். ‘புழுதி செம்மேகமாக எழுந்து...’ வேண்டாம். ஒன்பதாவது சுற்றில் குப்பண்ணன் முன்னுக்கு வந்தார், பத்தாவதில் ஜெயித்தார். ஜெயித்த பூரிப்பில், பால் சைக்கிளில் செய்கிற வழக்கப்படி, மிதிப்பதை நிறுத்தினார்.

பெடல் நிறுத்தவில்லை. அவர் காலை உதறித் தள்ளிவிட்டு அது தன்பாட்டுக்குச் சுற்றியது. சைக்கிள் கோட்டைத் தாண்டி, மத்தியஸ்தரைத் தாண்டி, பரிசு மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோல் போரைத் தாண்ட முடியாமல் அதற்குள் நுழைந்தது. மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மென்றுகொண்டிருந்தது.

குப்பண்ணனை வெளியே இழுத்தார்கள். முட்டி மட்டும் வீங்கியிருந்தது. பின்சக்கரம் நேராகவே இருந்தது. முன்சக்கரம் சுட்ட பப்படம்போல வளைந்திருந்தது.

பெரியம்மாள் புருஷனைப் பார்த்தாள், பிறகு அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். குனிந்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு எண்ணினாள்.

“அண்ணா, இதுல எத்தனைங்க?”

5

‘மீதி தெறித்துப் போய்விட்டது’ என்று சென்னிமலையைச் சொல்லவைத்தேன். அவர் முகத்துக்கு அது ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். இன்னொரு பிரதியில் மயங்கி விழவைத்தேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

“இருவத்தெட்டுங்க.”

“நாப்பதா?” என்றார் வைக்கோலோடு நின்ற குப்பண்ணன், பின்சக்கரத்தை அப்போதுதான் எண்ணி முடித்து.

பெரியம்மாள் நிமிர்ந்தாள். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குப்பண்ணன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டியபடி பின்னால் போனார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னிமலை திடலில் தனியாக நின்றார். நான் எழுதுகிற இந்த நேரத்திலும் நின்றுகொண்டிருக்கிறார்.

மாடு தை மாதம் கன்று போடும். வேண்டியவர்களுக்குக் கொடுத்தனுப்புகிற சீம்பாலில் ஒரு சொம்பு சென்னிமலை வீட்டுக்குப் போகுமா, போகாதா? எனக்கு இரண்டு பக்கமும் சரி என்று படுகிறது. நானும் ‘இல்லை’ சொல்ல வராதவன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை, இப்போது ஐப்பசிதான் நடக்கிறது.