மைக்காரரின் சாட்சி

ஞானஸ்நானம் எடுப்பவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன், எப்படி விசுவாசத்துக்கு வந்தோம் என்று சபை முன்னால் நின்று நாலு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும். அந்த நாலு வார்த்தையை நினைத்துத்தான் மைக்காரருக்கு மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் அவர் வாயில்லாப் பூச்சி அல்ல. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் காதில் ரத்தம் வரும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபைக்குக் கூலிக்கு வந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பக்தி கிக்தி எல்லாம் கிடையாது. "எனக்குச் சத்தம் சுத்தமா வரணும், அவ்வளவுதான். மேல யாரு இருந்தா எனக்கென்ன?" என்பார். பிரசங்கம் நடக்கும்போது காதில் ஹெட்போன் இருக்கும், கண் செய்தித்தாளின் குறுக்கெழுத்தில் இருக்கும்.

ஆராதனையின் முடிவில் யார் வேண்டுமானாலும் மேடையேறி மைக்கில் ஜெபிக்கலாம். சலவைக்கடை அக்கா தவறாமல் வருவார். வந்தால் லேசில் இறங்க மாட்டார். வாரம் முழுக்க நடந்ததை ஒன்று விடாமல் ஆண்டவரிடம் ஒப்பிப்பார். இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் காலரைத் தீய்த்தது வரைக்கும் வரும். "நேத்தும் பக்கத்து வீட்டுக்காரிய வாய்க்கு வந்தபடி திட்டிட்டேம்பா. வேற யாராவது வந்து போட்டுக் குடுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

மைக்காரருக்கு மதியம் வேறு இடத்தில் வேலை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். மேடையில் நிற்பவருக்குத் தன் குரல் கேட்பதற்காக, காலடியில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று இருக்கும். அதை மட்டும் விட்டுவைத்து, கூடத்துப் பெரிய பெட்டிகளில் அக்காவின் குரலை அடியோடு இறக்கிவிட்டார். கீபோர்டு மெல்ல வாசித்துக்கொண்டிருந்தது. சபையார் மௌன ஜெபம் என்று நினைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் ஆமென் சொல்லி எழுந்து போனார்கள். கண்ணை மூடி ஜெபித்த அக்காவுக்கோ தன் குரல் கணீரென்று கேட்டது. சந்தேகமே வரவில்லை. அன்று மைக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதற்குப் பிறகு வாராவாரம் அதே வேலை.

ஹெட்போனில் மட்டும் அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் இருநூறு பேர் இருந்தாலும் கேட்டவர் அவர் ஒருவர்தான். முதலில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அக்கா மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தார். சில மாதத்தில் அது நின்றது. ஒரு நாள், சண்டைக்கு நடுவே, "தப்பு என் மேலதான்" என்று அவர் வாயிலிருந்து வந்தது. பதினைந்து வருஷத்தில் கேட்டறியாத வார்த்தை. மனைவி பதறிப்போய் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

பிறகு குறுக்கெழுத்து மூடப்பட்டது, பிரசங்கம் காதில் விழுந்தது. பெஞ்சில் கிடந்த வேதப்புத்தகம் ஒன்று வீட்டுக்கு வந்தது. தன்னை ஆணியடித்தவர்களுக்காகவே இயேசு வேண்டிக்கொண்டார் என்று போதகர் ஒரு வாரம் சொன்னபோது, மைக்காரருக்கு அது தன்னைப் பற்றியே சொன்னதுபோல் இருந்தது. ஏனென்றால் அக்காவின் ஜெபத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு வரி வரும்: "பின்னாடி ஒத்தையா உக்காந்திருக்கான் பாரும், அந்த மைக் தம்பி, அவனையும் கூட்டிக்கும்." அந்த வரி வரும்போதெல்லாம் அவர் விரல் அந்தக் குரலை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்று ஆராதனையின் முடிவில் முழுக் குரலையும் திறந்து வைத்துக் காத்திருந்தார். அக்கா மேடைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடைசி வரிசையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல மைக்காரருக்குத் தைரியம் இல்லை. விசுவாசம் வந்துவிட்டது, முதுகெலும்பு வரவில்லை.

சாட்சி நாளன்று வெள்ளை உடுப்பில் மைக் முன்னால் நின்றார். போதகரின் பிரசங்கத்தைப் புகழ்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கண் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை.

"நான் திருந்துனது சலவைக்கடை அக்காவாலதான்," என்று ஆரம்பித்தார். "அவங்க குரலை நான்தான் அமுக்கினேன். ரெண்டு வருஷம். உங்க யாருக்கும் கேட்டிருக்காது. மன்னிச்சிடுங்கக்கா." முகம் தீயாக எரிந்தது.

யாரோ "ஸ்தோத்திரம்!" என்றார்கள். கைதட்டல் எழுந்தது. என்ன அருமையான சாட்சி என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டலில் மைக்காரர் இன்னும் கூனிக்குறுகிப்போனார்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றார். மைக் இல்லாமலே குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அப்போ என் பொண்ணு விஷயம் யாருக்குமே தெரியாதா?"

கைதட்டல் நின்றது. அக்கா மேடையைப் பார்த்தார். "புள்ளை செத்துப் பொறந்ததுல இருந்து அவ படுத்த படுக்கையா கெடக்கா, யாராவது வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு அழுதேனே தம்பி. உனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுக்கா."

"எத்தனை வாரம்?"

"ஒண்ணரை வருஷம். ஒவ்வொரு வாரமும்."

"யாருக்கும் மனசு இல்லைன்னு நெனச்சுத்தான் வாய மூடிக்கிட்டேன். சரி, அவங்களுக்குக் கேட்கல. என் வீடு நாலாவது சந்து. கேட்ட நீ ஒரு நாளாவது வந்தியா?"

குரலை அமுக்கியதைத்தான் பாவம் என்று மைக்காரர் மூன்று வாரமாக மனப்பாடம் செய்திருந்தார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது அவர் நினைவுக்கே வரவில்லை. இதைவிடப் பெரிய வெட்கம் அவர் பட்டதில்லை.

மேடையை விட்டு இறங்கினார். "தண்ணி ரெடியா இருக்கே, அண்ணே," என்றார் போதகர்.

"இருக்கட்டும் ஐயா. இப்படியே இறங்க என்னால முடியாது."

அக்கா முன்னால் நடந்தார். வெள்ளை உடுப்போடு மைக்காரர் பின்னால் போனார், தெரு பார்க்கட்டும் என்று. நாலாவது சந்தில், பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் இருட்டான அறை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண் திரும்பவில்லை.

"யாரும்மா?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "சர்ச்ல இருந்து வந்திருக்காங்க."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

மைக்காரர் வாசற்படியிலேயே நின்றார்.

"அவங்க மேல தப்பில்லைம்மா. அவங்களுக்குக் கேட்கவே இல்ல," என்றார். "எனக்குக் கேட்டுச்சு. நான்தான் வரல."

அவள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.