சாராள் அடிக்க நினைத்த வரி

வைஜயந்தி டீச்சர் பத்தாம் வகுப்புக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்தி வைத்திருந்தாள். காலையில் முதல் மணி அடித்ததும் பாடம் கிடையாது. பத்து நிமிஷம் எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும். முந்தின நாள் பார்த்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, என்ன பார்த்தேன், எங்கே, எப்போது, பார்த்தபோது என்ன தோன்றியது என்று எழுதினால் போதும். கையெழுத்து கோணலாயிருந்தாலும் ஒற்று விட்டுப்போனாலும் சிவப்பு மை படாது. டீச்சர் படிக்க வேண்டாம் என்று நினைக்கிற பக்கத்தை நெடுக்காக மடித்துவிடலாம். மடித்த பக்கத்தை அவள் பிரிக்க மாட்டாள்.

ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு இது பிடிபடவில்லை. ஒருவன் ஐந்து நாள் வரிசையாக, "நேற்று ஒன்றும் பார்க்கவில்லை" என்றே எழுதினான். ஆறாம் நாள், "நேற்றும் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் எருமை என்னை வெகுநேரம் பார்த்தது" என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அறையில் அதைப் படித்து அவள் வாய்விட்டுச் சிரித்தபோது கணக்கு வாத்தியார் என்னவென்று கேட்டார். அவள் சொல்லவில்லை. நோட்டில் இருப்பது நோட்டோடு.

பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டிக்குச் சற்று வடக்கே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. கொஞ்ச வருஷத்துக்கு முன்புவரை அங்கே படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லாரும் வயலில் கூலிக்குப் போனவர்கள். இப்போது பாதிப் பேர் சட்டையில் எண்ணெய்க் கறையோடு ஆலை ஷிப்டுக்குப் போய்வந்தார்கள். வைஜயந்தி திருவள்ளூர்க்காரி. அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம். இருபத்தேழு வயதில் அவள் மட்டும் இங்கே வாடகை அறையில் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போய், திங்கள் விடிகாலை திரும்பிவிடுவாள். கண்ணால் பார்த்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவனை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது என்பது அவளுடைய எண்ணம். அதற்காகத்தான் இந்த நோட்டு.

எழுபத்து நான்கு ஜனவரி கடைசியில், குடிமைப் பயிற்சி வகுப்பில் மனு எழுதும் பாடம் வந்தது. காகிதத்தில் எழுதினால் விளையாட்டுப் போல ஆகிவிடும் என்று, ஆளுக்கு ஒரு தபால் கார்டு வாங்கிவரச் சொன்னாள். அவரவர் நோட்டிலிருந்து ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய அதிகாரிக்கு எழுத வேண்டும். தேதி, முகவரி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்க வேண்டும். முக்கியமாக, யார் பார்த்தது என்பது இருக்க வேண்டும். கேள்விப்பட்டேன் என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றாள். மறுநாள் வகுப்பில் எல்லாக் கார்டையும் பேசி, அனுப்புவதா வேண்டாமா என்பதை எழுதியவரே முடிவு செய்வது என்று ஏற்பாடு.

புதன்கிழமை சாயங்காலம் முப்பத்தெட்டுக் கார்டுகளை நூலால் கட்டி ஆசிரியர் அறை மேஜையில் வைத்துவிட்டு, தலைமையாசிரியர் கூப்பிட்டார் என்று போனாள். மறந்து அப்படியே தன் வாடகை அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மணி அடிக்குமுன் சாராள் வந்து நின்றாள். காலனிப் பெண். வகுப்பில் அதிகம் பேசாதவள். இரண்டு வாரமாக அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மடிப்புதான். ஓடி வந்திருந்தாள்.

"டீச்சர், என் கார்ட மட்டும் குடுங்க. ஒரு வரி அடிச்சிட்டுத் தந்துர்றேன்."

மேஜையில் கட்டு இல்லை. அலமாரியிலும் இல்லை. வைஜயந்தி பியூன் முனுசாமியைக் கூப்பிட்டாள். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியின் தபாலைச் சேர்ப்பிக்கிறவர். அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி தெரிந்தது.

"எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டேன் டீச்சரம்மா. தபால் எடுக்கறதுக்குள்ள ஓடிப்போய்ப் போட்டேன். அட்ரஸ் எழுதிக்கீது, கையெழுத்து போட்டுக்கீது, ஸ்டாம்பு கார்டுலயே கீது. அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவரைக் கோபித்துக்கொள்ள வழியில்லை. இப்படித்தான் ஒரு கார்டு இருக்க வேண்டும் என்று நான்கு நாளாகப் பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். தபாலாபீசுக்கு ஆள் போய் வந்தது. தபால் விடிகாலை வண்டியிலேயே போய்விட்டதாம்.

சாராள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வரி என்று வைஜயந்தி கேட்டாள். சாராள் மெதுவாகச் சொன்னாள். காலனிக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதைப் பற்றித் தாசில்தாருக்கு எழுதியிருக்கிறாள். கம்பி ஆலையில் கம்பியைக் கழுவுகிற ஆசிட் தண்ணீரை, கிணற்றுக்கு மேற்கே இருக்கிற பள்ளத்தில் கொட்டுகிறார்கள். அவள் கண்ணால் பார்த்தாள். கொட்டுகிறவர் யார் என்று எழுதாவிட்டால் மனு பூர்த்தியாகாதே என்று, அதையும் எழுதிவிட்டாள்.

"எங்க நைனா பேர எழுதிட்டேன் டீச்சர்."

அப்பா தானியேல் அந்த ஆலையில் நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. மார்ச் முதல் தேதி நிரந்தரமாக்குகிறவர்களின் பட்டியல் ஒட்டப் போகிறார்கள். இந்தத் தடவை அவர் பெயர் நிச்சயம் என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார்.

வைஜயந்தி முதல் இரண்டு பீரியடும் பாடம் நடத்தினாள். என்ன நடத்தினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இடைவேளையில் தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். பள்ளிக்கூடத்தின் பெயர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவளே உட்கார்ந்து தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். மேற்படி கார்டுகள் மாணவர்களின் எழுத்துப் பயிற்சிக்காக எழுதப்பட்டவை. தவறுதலாகத் தபாலில் சேர்ந்துவிட்டன. அவற்றில் கண்டவை யாவும் கற்பனை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமையாசிரியர் முத்திரை வைத்தார். மத்தியான வண்டியில் தாலுகா ஆபீசுக்குப் போய் நேரில் கொடுத்துவிடலாம். அதற்கு முன் பெண்ணின் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று சாராளோடு காலனிக்குக் கிளம்பினாள்.

தானியேல் இரவு ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்திருந்தார். டீச்சரைக் கண்டதும் பனியனுக்கு மேல் சட்டையைத் தேடினார். அவர் மனைவி ரோசம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க, இது ஸ்டேஷன் பைப்புத் தண்ணி" என்றாள். வைஜயந்தி குடித்தாள். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தன் தவறு என்றும் சொன்னாள்.

முதலில் பேசியது ரோசம்மாள்தான்.

"புள்ளிங்களுக்கு எழுதறதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க டீச்சர், சரி. எத எழுதக் கூடாதுன்னு யாரு சொல்லிக் குடுக்கறது?"

தானியேல் மகளைப் பார்த்தார்.

"எழுதுன மாதிரியே சொல்லு."

சாராள் கைகட்டி, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "எங்கள் கிணற்றுத் தண்ணீர் தீபாவளி முதல் சிவப்பாக வருகிறது. குடித்தால் நாக்கு அரிக்கிறது. கம்பி கழுவிய ஆசிட் தண்ணீரைக் கிணற்றுக்கு மேற்கே உள்ள பள்ளத்தில் கொட்டுகிறார்கள். நான் மூன்று நாள், மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன். கொட்டுபவர் என் தந்தை தானியேல்."

"ஆறு மணிக்கு ஊத்துறது வெறும் கழுவுன தண்ணி" என்றார் தானியேல். "ஆசிட்டு ஊத்துறது காலைல அஞ்சு மணிக்கு. நீ பாத்தது பாதி."

சாராள் விழித்தாள்.

"அதுவும் நான் ஒருத்தன் இல்ல. பத்து பேரு முறை போட்டு ஊத்துறோம். எனக்கு செவ்வா, வெள்ளி. என்னாண்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா சொல்லியிருப்பியா நைனா?"

தானியேல் சிரிக்கப் போனவர்போல இருந்தது, சிரிக்கவில்லை. டீச்சரின் கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, அது என்ன, படியுங்கள் என்றார். வைஜயந்தி படித்தாள். கடைசி வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"கற்பனைன்னா?"

"நடக்காதது. பிள்ளைங்க மனசுல ஜோடிச்சு எழுதினதுன்னு அர்த்தம்."

"அப்ப கெணத்துல இருக்கற தண்ணி?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரோசம்மாள் எழுந்து போய்க் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் வைத்தாள். தண்ணீர் அசைவு நின்றதும் அடியில் துரு போல ஒன்று படிந்தது. மேலே மெல்லிய ஏடு. வைஜயந்தி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எம் பொண்ணு பொய் ஜோடிச்சுதுன்னு நீங்க கையெழுத்து போட்டுக்கீறீங்க டீச்சர்" என்றார் தானியேல். "வேல நெலைக்கணும்னுதான் போட்டீங்க. தெரியுது. ஆனா அது வேணாம். பொண்ணு மட்டும் அப்பனப் பத்தி எழுதுச்சுன்னு பேரு வேணாம். அப்பனும் சொன்னான்னு இருக்கட்டும்."

சாராளிடம் நோட்டை எடுக்கச் சொன்னார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத வராது. சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எத்தனை மணி, எத்தனை டிரம், எந்தக் கிழமை யார் முறை என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு இடத்தில் சாராள் வேகமாக எழுதிவிட, "ஏழு இல்ல, ஆறு டிரம்மு. அடி, மாத்து" என்றார். வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரோசம்மாள் திரும்பாமலே சொன்னாள்:

"ஊத்தச் சொன்ன மேஸ்திரி பேரையும் எழுதச் சொல்லு. நீ மட்டும் இன்னாத்துக்கு?"

மறுநாள் வெள்ளிக்கிழமை வைஜயந்தி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு தானியேலோடு தாலுகா ஆபீசுக்குப் போனாள். தபால் பிரிக்கிற குமாஸ்தா கார்டுகளைப் பார்த்திருந்தார். ஒரே நாளில் இத்தனை கார்டு ஒரே ஊரிலிருந்து வந்ததில்லையாம். சாராளின் கார்டைத் தேடி எடுத்து, இது பயிற்சிக்கு எழுதினது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் நம்பர் போடவில்லை என்று பெருந்தன்மையாக நீட்டினார். தானியேல் அதை வாங்கி, தன் மனுவின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்திவிடும்படி கேட்டுக்கொண்டார்.

குமாஸ்தா மனுவைப் புரட்டினார். எழுதியது யார் என்று கேட்டார். மகள் என்றதும், மைனர் எழுதியது, மனுதாரருக்கு எழுத வராது, அதனால் அவர் கையெழுத்துப் போட்டதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார். தானியேல் அறையில் வேறு யாராவது தெரிந்த முகம் உண்டா என்று சுற்றிப் பார்த்தார். டீச்சரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டதாக ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ.

வைஜயந்தி யோசித்தாள். அவள் அரசாங்கச் சம்பளக்காரி. பள்ளியின் பெயர் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால், உனக்கு எதற்கு இந்த வம்பு என்பார். இத்தனை பிள்ளைகளை மனு எழுத வைத்தவள் தன் பெயரில் ஒரு வரி யாருக்கும் எழுதியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேனாவை வாங்கி, 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று எழுதினாள். அதற்குக் கீழே, கேட்காமலே இன்னொரு வரி சேர்த்தாள்: 'கிணற்றுத் தண்ணீரை 31-1-74 அன்று நானும் பார்த்தேன்.' பெயர், உத்தியோகம், பள்ளி முகவரி எல்லாவற்றையும் எழுதினாள். கற்பனை என்று எழுதிய காகிதத்தை ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் கிழித்துப் போட்டாள்.

மூன்று வாரத்தில் ஒரு ஜீப் வந்தது. இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆலைக்காரர்கள் ஆசிட் தண்ணீரைத் தேக்கச் சிமெண்டுத் தொட்டி கட்ட ஜல்லி இறக்கினார்கள். பள்ளி முகவரியை எந்த அனுமதியின் பேரில் பயன்படுத்தினீர்கள் என்று மேலிடத்திலிருந்து வைஜயந்திக்கு ஒரு மெமோ வந்தது. ஒரு பக்கத்தில் பதில் எழுதி அனுப்பினாள்.

மார்ச் முதல் தேதி பட்டியல் ஒட்டினார்கள். தானியேல் பெயர் இல்லை. வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை, தற்காலிகமாகவே இருந்தார். ரயில்வே கேட்டருகே பார்த்தபோது அவரே அதைச் சொன்னார். ஆகஸ்டில் இன்னொரு லிஸ்டு போடுவார்களாம் என்றார். அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வைஜயந்தி மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"அத ரோசம்மாளாண்ட சொல்லுங்க டீச்சர். தண்ணி சொமக்கறது அவதான்."

சாயங்காலம் போனாள். தொட்டி பாதிதான் எழும்பியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் இன்னும் சிவப்புதான். ரோசம்மாள் இரண்டு குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் சொல்ல வந்ததைப் பாதியிலேயே கையமர்த்திவிட்டு, ஒரு குடத்தை நீட்டினாள். இருவரும் தண்டவாளத்தோரமாக ஸ்டேஷன் பைப்புக்கு நடந்தார்கள். ரோசம்மாள் பட்டியலைப் பற்றிப் பேசாமல், சாராள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தன் தகப்பனுக்கு அவர் பெயரைத் தவிர இன்னும் நாலு எழுத்து எழுதக் கற்றுக்கொடுப்பதாகவும், அவர் பேனாவைக் கடப்பாரை மாதிரிப் பிடிப்பதாகவும் சொன்னாள்.

திரும்பும்போது வைஜயந்திக்குக் குடம் இடுப்பில் நிற்கவில்லை. புடவை ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. காலனி வாசலில் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாச்சுப் புடிங்க டீச்சர்" என்றாள் ரோசம்மாள். "வீடு வர்றதுக்குள்ள காலி பண்ணிடப் போறீங்க."