கியர்பாக்ஸுக்கு வெற்றிலை பாக்கு

நடுவில் ஒருவர். அவரைச் சுற்றி மூவர். நால்வரையும் வளைத்துக்கொண்டு இன்னொருவர். ஐவரும் சேர்ந்து ஓடினால் யாரும் எங்கும் போய்ச் சேர மாட்டார்கள். ஒருவர் நின்றால் மற்றவர்கள் ஊர் போய்ச் சேர்வார்கள். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள், விடை வழியில் வரும்.

பொள்ளாச்சியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பாகங்கள் கடையில் கிடைக்காது. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். மதித்து அழைத்தால் வரும். வந்தால் இரண்டு வேளை எண்ணெயும், படுக்கப் பழைய வேட்டியும் கொடுக்க வேண்டும்.

நாகமாணிக்கத்தின் காரில் கியர்பாக்ஸ் ஓய்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை வால்பாறையில் அவருடைய தங்கை மகளுக்குக் காது குத்து. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே மாமன், ஒரே மடி. பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் இருபத்தொரு சீர்த்தட்டோடு வருபவரைக் கண்டக்டர் ஏற்ற மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாகமாணிக்கம் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடுக்கியர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் இருந்தது. சின்னக் கியர்கள் மூன்றும் தாராபுரத்தில். வளையக் கியர் உடுமலையில். "அதுக்கென்னங், வந்துட்டாப் போச்சு" என்றன எல்லாம்.

கருவிகளுக்கு அலைச்சல் இல்லை. வளையக் கிளிப்பைக் கழற்றும் பிளையரைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கொடுத்தார். இறுக்கம் பார்க்கும் ஸ்பேனர் எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரருடையது. "போதும்னு அதுவே சொல்லும்ங். அதுக்கு மேல இறுக்குனா கோவிச்சுக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

கிளட்ச் பிளேட்டுகளுக்கு எண்ணெய்க் குளியல் முக்கியம். அவை ஆணா பெண்ணா என்று தெரியாததால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் குளிப்பாட்டினார்.

ஒரே ஒரு தவறு நடந்தது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துவைக்கும் டார்க் கன்வெர்ட்டர் ஈரோட்டில் இருந்தது; அதை, அலுப்பில், போனில் அழைத்துவிட்டார்.

அது புதன்கிழமை மத்தியானம் வந்தது. குடம் போல உருண்டையான உடம்பு. கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது.

"தண்ணி குடிங்க" என்றாள் நாகமாணிக்கத்தின் மனைவி இந்திராணி.

"வேண்டாமுங்."

"காப்பி?"

"சின்னக் கியருக்கெல்லாம் தட்டோட போய் நின்னீங்களாம். எனக்குப் போனுங்களா? நல்லா இருக்குதுங்."

"தப்புத்தானுங். மன்னிச்சுக்கோங்க" என்றார் நாகமாணிக்கம்.

"மன்னிச்சாச்சுங். எந்திரிக்கத்தான் மாட்டேன்."

"இதுக்கு உங்க தங்கச்சி வீட்டுக்காரரே தேவலை" என்று இந்திராணி கணவரின் காதோரம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எழாததை எழுப்ப முடியாது. ஆகவே வியாழக்கிழமை முழுவதும் நாகமாணிக்கம் கன்வெர்ட்டர் இருந்த இடத்திலேயே கியர்பாக்ஸைக் கோத்தார். ஏழு வயது மகள் நிகிலா, சின்னஞ்சிறு உருளைகள் விழாமல் ஒட்டி நிற்க வாஸ்லின் தடவிக் கொடுத்தாள். மாலை ஐந்து மணிக்கு ஸ்பேனர் "போதும்" என்றது. உட்கார்ந்தபடியே சுழலக் கன்வெர்ட்டருக்கு ஆட்சேபம் இல்லை.

இனி அந்த ஐவரில் ஒருவர் நிற்க வேண்டும். அப்போதுதான் பயணம்.

"நானும் காது குத்துக்குத்தானுங்களே வந்தேன்" என்றது நடுக்கியர். சின்னக் கியர்கள் மூன்றும் அதையே சொல்லின. வளையக் கியர் புதுத் துண்டு வாங்கி வந்திருந்தது.

பாகங்கள் மறுத்தால், அவற்றுக்குப் பதிலாக வீட்டைச் சேர்ந்த ஏதாவது ஒன்று நிற்கும். எது என்பதை வீட்டில் சிறியவர் சொல்ல வேண்டும். ஒருமுறைதான் சொல்லலாம்.

நாகமாணிக்கம் மகளைப் பார்த்தார். போன வாரம் விளக்கை அணைக்க யார் எழுந்திருப்பது என்று கேட்டபோது நிகிலா யோசிக்காமல் "அப்பா" என்றிருந்தாள். அவர் இரண்டு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"பாத்துச் சொல்லு கண்ணு" என்றாள் இந்திராணி. "அப்பா மடி அங்க வேணும். தட்டும் வேணும்."

நிகிலா அப்பாவைப் பார்த்தாள். தட்டுகளை எண்ணிப் பார்த்தாள். கூடத்தில் எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்த கியர்பாக்ஸைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தாள்.

"கார் நிக்கட்டும்" என்றாள்.

நாகமாணிக்கம் மடியிலிருந்து கைகளை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கார் வாசலில் அப்படியே நிற்க, வீடு புறப்பட்டது. ஆழியாறு வந்தபோது இந்திராணி அடுப்பில் பால் வைத்தாள். அதற்கு மேல் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் என்பதால் சீர்த்தட்டுகளைக் கட்டில்மேல் ஏற்றி வைத்தார்கள். கிளம்பும்போதே பல் டாக்டர் கையசைத்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, பிளையரை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்.

வீட்டில் ஆறு ஜன்னல்கள். நிகிலா சமையலறை ஜன்னலைத் தேர்ந்தெடுத்தாள்.