ஓர்மை இல்லை என்றவள்

மாயம்மாளுக்கு மறதி என்பதே கிடையாது. தன் கல்யாணத்துக்கு எந்த அத்தை எந்த நிறச் சேலையில் வந்தாள் என்று இன்றைக்கும் சொல்லுவாள். செல்லதுரை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கித் தராத சாமான்களையும் ஒன்று விடாமல் சொல்லுவாள், அதுவும் அவன் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து. அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் மறந்துபோகச் சொன்னார்கள்.

மட்டாஞ்சேரி பஜாரில் காயலுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு மிளகுக் கோடவுனில் அவள் சொளகு பிடித்து மிளகு புடைத்தாள். புருஷன் செல்லதுரை அங்கேயே மூட்டை தூக்கினான். உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்துப் பிழைக்க வந்தவர்கள். கோடவுனுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஒரு முறி, அந்த ஊர்ப் பேச்சில் ஒற்றை அறை. அதுவும் முதலாளியுடையது. வேலை போனால் அன்றைக்கே கூரையும் போய்விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து மழையில் மிளகு மூட்டைகள் ஈரமேறி, மூலையில் இருந்த பெரிய அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் சாயா குடிக்கப் போயிருந்த நேரம். உள்ளே மாயம்மாளும் சந்தனமாரியும் மட்டும் இருந்தார்கள். சந்தனமாரி கல்யாணத்துக்கு நின்ற பெண். மாயம்மாளை மதினி என்று கூப்பிடுகிற முறை. ஊரிலிருந்து அவளைக் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிவந்ததே மாயம்மாள்தான்.

மானேஜர் ராமபத்ரன் உள்ளே வந்தார். பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன தமிழ்க் குடும்பம் அவருடையது. முதலாளி வரப்போகிறார், அடுக்குக்குப் பின்னால் சிந்திக் கிடப்பதைக் கூட்டி வாரு என்று சந்தனமாரியிடம் சொன்னார். மூட்டை சாய்ந்திருக்கிறதே சார் என்று அவள் தயங்கினாள். இத்தனை நாள் விழாதது நீ போனதும் விழுந்துவிடுமா, போ போ என்று விரட்டினார். அவள் விளக்குமாற்றோடு பின்னால் போனாள். அடுக்கு அவள்மேல் சரிந்தது. மாயம்மாள் கத்தினாளா, கத்தவில்லையா என்பது மட்டும் அவளுக்கே தெரியாது.

மூச்சு மட்டும் இருந்த சந்தனமாரியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் வருவதற்குள் ராமபத்ரன் மாயம்மாளைக் காயல் பக்கத்துப் படியோரம் கூப்பிட்டார். 

"பொலீஸ்காரா கேட்டாக்க ஓர்மை இல்லேன்னு சொல்லிடு. அது மதி, வேறொண்ணும் வேண்டாம். உனக்கும் செல்லதுரைக்கும் இங்கே ஒரு குறையும் வராது."

குறை வராது என்று அவர் சொன்ன விதத்திலேயே என்னென்ன வரும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.  கேட்ட போலீஸ்காரரிடம், ஞாபகம் இல்லை என்பதை அந்த ஊர்ப் பேச்சிலேயே, ஓர்மை இல்லை என்றாள். அவர் அதை மலையாளத்தில் எழுதிக்கொண்டு போனார்.

விளக்கு வைப்பதற்குள் பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது. சந்தனமாரி மடியில் மிளகு திருடிக் கட்டத்தான் அடுக்குக்குப் பின்னால் நுழைந்தாளாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள்.

மாயம்மாள் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஞாபகம் என்பது சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற சங்கதி. நெனப்பு என்பது ஆள் பக்கத்தில் இல்லாதபோதும் உள்ளே உட்கார்ந்திருப்பது. இந்த இரண்டையும் நான் இல்லை என்று சொல்லவில்லையே? ஓர்மை இல்லை என்றுதான் சொன்னேன். அது இந்த ஊர்க்காரர்களுடைய சொல். அவர்கள் சொல்லில் சொன்ன பொய் என்னை எப்படி ஒட்டும்? பயந்தவள் புத்தி எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கத்தானே பார்க்கும், பாவம்.

சந்தனமாரியைப் பார்க்க எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தச் சமாதானமும் கையை விட்டுப் போயிற்று. நினைவு இன்னும் திரும்பவில்லை என்றார்கள். திரும்பினால் என்ன ஆகும்? சந்தனமாரி கண்ணைத் திறந்து, மதினி, நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே என்று கேட்டால்? கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆத்தா, இவளுக்கு நினைவு வரவேண்டாம் என்று மாயம்மாள் வேண்டிக்கொண்டுவிட்டாள். வேண்டிய மறுகணமே தன்னைக் கண்டு தானே நடுங்கிப் போனாள். போலீஸைவிட, ராமபத்ரனைவிட, இப்படி வேண்டிய தன் நெஞ்சுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் வேண்டியது பலித்துவிட்டது. சந்தனமாரி நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தாள்.

உடம்பு வரிசை வீட்டு முற்றத்துக்கு வந்தது. தாயார் ஒச்சம்மாள் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள். மகள் செத்த செய்தியோடு, மகள் களவாணி என்ற செய்தியும் முன்னாலேயே அவள் காதுக்குப் போயிருந்தது. அவள் வந்ததும் பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டி உட்கார்ந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பாரியில் ஒருத்தி கேள்வியாக ஓர் அடி எடுத்தால், விவரம் தெரிந்தவள் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள் அந்தப் பதிலைத் திருப்பிப் பாடுவார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு பாட்டில் பொய் சொன்னால் செத்தவள் வாசலை விட்டுப் போகமாட்டாள் என்பார்கள். வெறும் பேச்சில் எத்தனை பொய் சொன்னவர்களும் அந்த இடத்தில் சொல்லமாட்டார்கள்.

மாயம்மாள் கடைசி வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கப் பார்த்தாள். அதற்குள் ராமபத்ரன் மலர்வளையத்தோடு வந்துவிட்டார். உடம்பின்மேல் வைத்தார். போகவில்லை. குடையை மடக்கிக்கொண்டு அவளுக்கு எதிராகச் சுவரோரம் நின்றுகொண்டார். அவர் வீட்டில் சாவு என்றால் மந்திரம்தான், ஒப்பாரி கிடையாது. பெண்கள் அழட்டும், அழுகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்.

ஒச்சம்மாள் வட்டத்துக்குள் வந்து, யாரையும் கேட்காமல், நேராக மாயம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்தாள்.

"மஞ்சக் குளிச்சவளே – என்
மடிநெறஞ்ச பொன்மகளே
மடியில மெளகெடுத்து
மறச்சேன்னு சொல்லுறாக
கண்ணால கண்டவுக – இந்தக்
கூட்டத்தில யாருமில்லையா"

கேள்வி வந்து விழுந்துவிட்டது. எல்லாரும் மாயம்மாளைப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் செல்லதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரோரம் நின்றவர் குடையின் பிடியை இறுக்கினார். மாயம்மாள் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள். ஓர்மை இல்லை என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதை எந்த ராகத்தில் வைத்துப் பாடுவது? அது வரவில்லை. வேறு ஒன்று வந்தது. தான் பாடுகிறோம் என்பதே பாதி பாடிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சாஞ்ச மூட்டையின்னு
சந்தனமே நீ சொன்னே
விழுகாது போடியின்னு
வெரட்டித்தான் விட்டாக
மடியில மெளகில்ல
கையில வெளக்கமாறு
பாத்தவ நானிருந்தும்
பாவிவாய் தொறக்கலையே"

 பிறகு வழக்கப்படி பெண்கள் அத்தனை பேரும் தோளைக் கட்டியபடி அதைத் திருப்பிப் பாடினார்கள். விழுகாது போடியின்னு வெரட்டித்தான் விட்டாக. ராமபத்ரனுக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. வாசலில் நின்ற மலையாளத்துச் சுமைக்காரர்கள் என்ன பாடுகிறார்கள் என்று பக்கத்தில் கேட்டார்கள். யாரோ எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் திரும்பி மானேஜரைப் பார்த்தார்கள். மழை விட்டிருந்தும் அவர் குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் அவர் மாயம்மாளின் முறி வாசலுக்கே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி இதமாகப் பேசினார்.

"துக்கத்திலே என்னமோ வந்துடுத்து. பரவால்லை. பாடினதொண்ணும் இப்போ ஓர்மை இருக்காது, இல்லையா?"

அவர் ஒரு கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற மாதிரி நின்றார். உள்ளே நுழைந்துவிட்டால் வேலை இருக்கும், கூரை இருக்கும், செல்லதுரையின் முதுகெலும்பு முழுசாக இருக்கும். மாயம்மாள் திரும்பி முறிக்குள் பார்த்தாள். பின்னால் ஒச்சம்மாள் மகளுடைய துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கு சார்," என்றாள் மாயம்மாள். "ஞாபகமும் இருக்கு, நெனப்பும் இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்தீகளே, அந்த ஓர்மையும் இருக்கு."

ராமபத்ரன் முறியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அவர் போன பிறகும் பயம் ஒரு துளி குறையவில்லை. ராத்திரி யார் வந்து கதவைத் தட்டுவார்களோ, செல்லதுரையை எந்தச் சந்தில் மடக்குவார்களோ என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். புருஷன் திட்டுவான் என்று திரும்பிப் பார்த்தாள். செல்லதுரை மூட்டை தூக்குகிற கொக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, பாத்திரங்களை எடுத்து ஒரு கிழிந்த சாக்குக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"போற வழியில போலீஸ் டேசன்ல சொல்லிட்டுப் போயிருவோம்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

சாக்கு கொள்ளவில்லை. ஒச்சம்மாள் எழுந்து வந்தாள். மடியிலிருந்த சந்தனமாரியின் சேலையை உதறித் தரையில் விரித்தாள்.

"இதுல கட்டுய்யா," என்றாள்.