மறு விசில்

மாப்பிள்ளை விமல்ராஜ் மேல் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. பட்டு நெய்கிற வீட்டுப் பெண், கல்குவாரியில் வெடி வைக்கிறவனைக் கட்டிக்கொண்டு மலையடிக்குக் குடிபோனால் எந்தத் தாய்க்குப் பிரியம் வரும்? பாறை சரிந்து அவன் செத்ததும் குவாரியை மூடிவிட்டார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் பிழைப்பு தேடிப் போய்விட்டார்கள். என் மகள் கீர்த்தி மட்டும் வரமாட்டேன் என்றாள். போனில் கெஞ்சி அலுத்து, தறியில் பாதிச் சேலையை அப்படியே போட்டுவிட்டு, ஓரிக்கைப் பாலம் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறினேன். இன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது.

அங்கே பல வீடுகளுக்குக் கூரையே இல்லை; ஷீட்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாசற்படியையாவது விட்டுவைத்தார்களே, புண்ணியவான்கள்.

கீர்த்தி "வாம்மா" என்றாள். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் "ம்"தான். அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். எனக்கும் உள்ளே மரத்துப்போய்விட்டது.

சாயங்காலம் சட்டென்று எழுந்தாள். அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தரையில் வைத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன கூத்து இது?" என்று பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் கேட்டேன்.

"இது வேட்டு வைக்கிற நேரம்மா. உங்க மருமவன் விசில் ஊதுவாரு. அதிர்ச்சில பாத்திரம் உழும்னு கீழ இறக்கி வச்சிட்டு எல்லாரும் மரத்தாண்ட வந்துடுவோம். வேட்டு முடிஞ்சி மறு விசில் ஊதினாத்தான் உள்ள போவணும். அன்னிக்கு மறு விசில் வரவே இல்ல. அதான் தெனம் இங்கியே குந்திக்கினு இருக்குது. இருட்டினப்புறம் நான்தான் கையப் புடிச்சி இட்டுக்கினு போவேன்."

உள்ளே போனேன். சுவரில் அவன் சட்டை தொங்கியது. அதே ஆணியில், அவன் உடம்போடு வந்து சேர்ந்த அந்த விசில். அவள் எழுந்து வந்தால் போதும், கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வேறெதையும் நான் யோசிக்கவில்லை. எடுத்து மூச்சு முட்ட ஊதினேன்.

கீர்த்தி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பாத்திரங்களை அலமாரியில் ஏற்றினாள். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். மூன்று டம்ளரில் ஊற்றினாள். ஒன்றில் மட்டும் சர்க்கரை போடவில்லை.

"அவுருக்கு சக்கர ஆவாதும்மா. இப்ப எறங்கி வந்துடுவாரு."

கல்யாணத்தன்று பார்த்த அதே முகம். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! மறு விசில் கேட்டால் அவன் உயிரோடு இருக்கிறான் என்றல்லவா அவளுக்கு அர்த்தம்?

டம்ளரோடு வாசலுக்குத் திரும்பியவள் என் கையைப் பார்த்தாள்.

"நீயா ஊதின?"

"ஆமாம்மா."

அழவில்லை. சர்க்கரை போடாத டீயை நின்றபடியே அவளே குடித்து முடித்தாள்.

"உன்னுத குடி. பஸ்ஸு போயிடப் போவுது."

பிறகு அலமாரியில் ஏற்றிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக மறுபடி இறக்கி, சாக்கில் போட ஆரம்பித்தாள்.