வெட்டாத கழுத்து

1974 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, தூத்துக்குடியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பின்கட்டு வார்டில், நான்காம் கட்டிலில், வெள்ளத்துரை என்ற நாற்பத்தெட்டு வயது விவசாயி இறந்தார். சாகும்போது அவர் கழுத்தை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தவன், அவரைக் கொல்ல வந்த மாடக்கண்ணு.

பின்கட்டு வார்டில் பத்துக் கட்டில்கள். இனி மருந்தில்லை என்றானவர்களை அங்கே மாற்றுவார்கள். நாசரேத்துக்காரியான இன்பமணி பதினோரு வருடமாக அங்கே சிஸ்டர். அங்கிருந்து யாரும் குணமாகி வீட்டுக்குப் போனதில்லை. புண்ணைக் கழுவுவது, டர்பன்டைன் விட்டுப் புழுக்களை வெளியே வரவழைத்து இடுக்கியால் எடுப்பது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, வலி தலைக்கேறுமுன் மார்ஃபின் ஊசியைப் போட்டுவிடுவது, இவ்வளவுதான் வேலை. நன்றாகச் செய்தால் ஆள் கத்தாமல் சாவான். அவள் நன்றாகச் செய்வாள்.

வெள்ளத்துரைக்கு வலது கன்னத்தில் தொடங்கிய புற்றுநோய் கழுத்துவரை இறங்கியிருந்தது. நாக்கு போய்விட்டது. மூக்கில் சொருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி. கட்டு மாற்றும்போது புண்ணின் அடியில் பெரிய இரத்தக்குழாய் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அது எந்த நேரமும் வெடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி வெடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்பமணி கடைத்தெருவில் ஆறு கருஞ்சிவப்புத் துண்டுகள் வாங்கிக் கட்டிலடியில் அடுக்கிவைத்தாள். வெள்ளைத் துணியில் இரத்தம் ஊறுவதைப் பார்த்தால் சாகிறவனும் பயப்படுவான், கூட இருப்பவர்களும் பயப்படுவார்கள். சிவப்பில் அவ்வளவாகத் தெரியாது.

வெள்ளத்துரையின் ஊர் ஆத்தூருக்கு மேற்கே, வாய்க்கால் கரையில். ஆறு வருடம் முன்பு மடை திறப்பதில் வந்த சண்டையில் இசக்கியப்பன் என்பவனை அவர் வெட்டிக் கொன்றார். சாட்சிகள் கோர்ட்டில் பின்வாங்கியதால் விடுதலையானார். இதை ஒளிக்காமல் சொன்னது அவர் மனைவி சந்தனமாரிதான்.

“எங்க ஊர்ல இவுக பேரச் சொன்னா அழுத பிள்ள வாய மூடும் சிஸ்டர். இப்ப ஈ வெரட்ட ஆளு வேண்டிக் கெடக்கு.”

அன்று பார்வையாளர் நேரம் மூன்று மணிக்குத் தொடங்கியது. சந்தனமாரி காப்பி வாங்க வெளியே போயிருந்தாள். இன்பமணி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓலைப்பெட்டியும் கையுமாக, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“வெள்ளத்துரை எங்கன?”

“இவருதான். நீங்க யாரு?”

“இவனா?”

எலும்புக்கூட்டின் மேல் ஒரு பக்க முகம் மட்டுமே மிச்சமிருந்தது. நாற்றம் பட்டு அவன் ஓரடி பின்வாங்கினான். பெட்டியில் மேலே கிடந்த வாழைப்பழச் சீப்பைத் தள்ளிவிட்டு அருவாளை எடுத்தான். ஆனால் ஓங்கவில்லை. எங்கே வெட்டுவது என்று தேடுகிறவனைப் போலப் பார்த்தான். வெள்ளத்துரை அவனை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்க முயன்றார். தொண்டைக்குள் ஏதோ உறுமியது. இருமினார். கழுத்து இரத்தக்குழாய் வெடித்தது.

இரத்தம் மாடக்கண்ணுவின் முகத்தில் அடித்தது. திரையிலும் சுவரிலும் பீய்ச்சியது. அருவாள் தரையில் விழுந்தது. இன்பமணி சிவப்புத் துண்டைச் சுருட்டிக் கழுத்தில் வைத்தாள். ஊசி போட அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டும்.

“ஏலே, பிடிலே! இதை அழுத்திப் பிடி. கைய எடுக்காத!”

அவன் பிடித்தான். முட்டிபோட்டு, முழு பலத்தோடு பிடித்தான். விரல்களுக்கிடையே இரத்தம் பொங்கியது. இன்பமணி ஊசியைப் போட்டுவிட்டு இன்னொரு துண்டை அவன் கைகளுக்கு மேலேயே வைத்தாள். வெள்ளத்துரையின் கை துழாவி வந்து மாடக்கண்ணுவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. “விட்ராத, விட்ராத” என்று அவன் முணுமுணுத்தான். யாரிடம் சொன்னான் என்று இன்பமணிக்குத் தெரியவில்லை. நான்கு நிமிடத்தில் முடிந்தது.

அவன் மணிக்கட்டிலிருந்து அந்த விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“போய்க் கையக் கழுவு தம்பி.”

அவன் கழுவப் போகவில்லை. குனிந்து அருவாளை எடுத்தான். அதன் இரண்டு பக்கத்தையும் படுக்கையில் தேங்கிக் கிடந்த இரத்தத்தில் புரட்டினான், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல நிதானமாக.

“சிஸ்டர், நீங்க ஒண்ணுஞ் சொல்லாண்டாம். இசக்கியப்பன் எங்க அண்ணன். ஆறு வருசமா எங்கம்ம தலைக்கு எண்ணெ வைக்கல. நான் வெட்டிட்டேன்னே இருக்கட்டும்.”

“நீ அவரக் காப்பாத்தப் பாத்த. நான் பக்கத்துலதான நின்னேன்?”

“அதத்தான் சொல்லாண்டாங்கேன்.”

அப்போது சந்தனமாரி காப்பித் தூக்கோடு திரையை விலக்கினாள். புருஷனின் கழுத்தைப் பார்த்தாள். அருவாளைப் பார்த்தாள். அவள் அலறியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. மாடக்கண்ணு அவளைத் தாண்டி வெளியேறி, நடுத்தெரு வழியாக அருவாளைக் கையில் பிடித்தபடியே நடந்து, போலீஸ் ஸ்டேஷனில் மேஜைமேல் அதை வைத்தான்.

இன்பமணி இறப்புக் குறிப்பேட்டை எடுத்தாள். அவன் கேட்டது பெரிய விஷயமில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தால் ஆறு மாதத்தில் அவனைத் தூக்கில் போடுவார்கள். புற்றுப்புண்ணில் இரத்தக்குழாய் வெடித்துச் சாவு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். டாக்டரும் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

வெள்ளத்துரையின் தம்பி ஆவுடையப்பன் பிணத்தை வாங்க வந்தபோது அவள் அவனிடமும் அதையே சொன்னாள். அவன் ஸ்டூலைத் தூக்கி மருந்து அலமாரியின் கண்ணாடியில் எறிந்தான். சில்லு பட்டு அவள் புருவம் கிழிந்தது.

“எங்கண்ணன் அழுகிச் செத்தாம்னா எழுதுதிய? வெட்டுனவனே வெட்டுனேங்கான். ஒங்களுக்கு என்ன வந்துச்சி?”

“ஏன் சிஸ்டர் அவனுக்குப் பேசுதிய? எம்புட்டுத் தந்தான்?” என்றாள் சந்தனமாரி.

இன்பமணிக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வீட்டுக்கும் அந்த வெட்டு வேண்டியிருந்தது.

புருவத்தில் தையலோடு அவள் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். ஏட்டு லாக்கப் பக்கம் திரும்பிச் சிரித்ததில் நாற்காலி ஆடியது.

“ஏலே, வெட்டப் போனவன் வைத்தியம் பாத்துட்டுல்லா வந்திருக்க! ஆஸ்பத்திரில கம்பவுண்டர் வேல காலியா இருக்கா சிஸ்டர்? இவனச் சேத்துக்கிடுங்க.”

லாக்கப்புக்குள் மாடக்கண்ணு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் இரத்தம் கறுத்திருந்தது. அவள் கம்பி அருகே போய் நின்றாள்.

“கெடுத்திட்டியளே சிஸ்டர்.”

“உன்னத் தூக்குல போட்டிருப்பாங்க.”

“போடட்டும்னுதான வந்தேன்.”

“ஊர்ல போயி உள்ளதச் சொல்லு. ஒன் அம்மைட்டயாவது சொல்லு.”



புதன்கிழமை காலை அவனை விட்டுவிட்டார்கள். அவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் அவன் வெட்டிவிட்டான் என்ற செய்தி போயிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் அவன் ஆட்கள் வேட்டுப் போட்டார்கள். அவன் அம்மா சண்முகத்தாய் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரக்கூந்தலோடு வாசலில் நின்றாள். எப்படி வெட்டினாய் என்று கேட்டவர்களுக்கு அவன் பதில் சொல்லவில்லை. வெட்டவில்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஊரில் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவனை ஆவுடையப்பனும் இன்னும் இரண்டு பேரும் வெட்டினார்கள். உடலில் ஒன்பது வெட்டுகள். முதல் வெட்டு கழுத்தில்.

அடுத்த வருடம் மார்ச்சில் மாடக்கண்ணு கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. இன்பமணி கூண்டில் ஏறி, வெள்ளத்துரையின் கழுத்தில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை என்று சொன்னாள். வக்கீல்கள் இருவருமே அவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆவுடையப்பனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அண்ணனை வெட்டிக் கொன்றவனைப் பழிவாங்கிய விவசாயிக்கு ஆயுள் என்று மறுநாள் பத்திரிகையில் நான்கு வரியில் செய்தி வந்தது.