மேற்கே திரும்பிய பெட்டி

கீழ்வேளூரில் மூஸாவின் பட்டறைத் தரையில் எந்தக் கார் சாமானை வைத்தாலும், அது ஒரிஜினல் என்றால், தான் பிறந்த வண்டி நிற்கும் பக்கம் மெல்லத் திரும்பிக்கொள்ளும். டூப்ளிகேட் வைத்தது வைத்தபடி கிடக்கும். முகப்பு விளக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பிவிடும். கியர் பெட்டி கனம் என்பதால் அரை நாள் பிடிக்கும். மாருதி வந்த பிறகு, மிராசுதார் வீடுகளில் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்ற மோரிஸும் ஆஸ்டினும் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சிலர் அவற்றைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வண்டி ஓடினால் மட்டும் போதாது, அதோடு வந்த சாமானே அதில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். மூஸா முதலில் கண்ணால்தான் பார்ப்பார். வார்ப்பில் பதிந்த எண், கண்ணாடி மூலையில் பொறித்த முத்திரை, பெயிண்டைச் சுரண்டினால் அடியில் தெரியும் முதல் நிறம். மரையையும் திருகிப் பார்ப்பார். பழைய சீமை வண்டிகளுக்கு அங்குல மரை, பின்னால் செய்து மாட்டியதற்கு மில்லிமீட்டர் மரை. அப்புறமும் சந்தேகம் என்றால் தரையில் வைத்துவிட்டுத் தொழப் போய்விடுவார். ஒரு முறை ஒரு பம்பர் வடக்கே திரும்பியது. தேடிப் போனதில் அதன் வண்டி குத்தாலத்தில் ஒரு நெல் களத்தில் கோழிகள் அடைந்து கிடந்தது. திரும்பாத சாமானை ஒரிஜினல் என்று அவர் சொன்னதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

அவருடைய ஒரே மகன் அஸார் அந்தப் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, ஊரில் பாதி ஆண்களைப் போல வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு கோடையில், வேலையாட்களை ஏற்றிச் சென்ற வேன் பாலைவனச் சாலையில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் அஸாரும், அவனோடு ஒரே அறையில் இருந்த திருக்காட்டுப்பள்ளி ராம்கியும் இருந்தார்கள். பெட்டிகள் இரண்டும் ஒரே விமானத்தில் சென்னைக்கு வந்தன. காகிதக் குளறுபடியில் அஸாரின் பெட்டி மட்டும் அங்கே தங்கிப் பிந்தி வந்தது. திறக்க வேண்டாம், பார்க்க ஒன்றும் இல்லை என்று அனுப்பியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

வீட்டு வாசல் குறுகல். அதனால் பெட்டியைப் பட்டறையில், தலைமாடு வடக்கே இருக்கும்படி வைத்தார்கள். கபர்ஸ்தானில் குழி வெட்டியாகிவிட்டது. ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கும்போதே பெட்டி தரையை உரசிக்கொண்டு, தொழும் திசையான மேற்கே திரும்பியது. பள்ளிவாசல் ஹஜ்ரத், "கிப்லா பக்கம் திரும்புது, நல்ல மௌத்து" என்றார். நேராக வைத்தார்கள். மறுபடியும் திரும்பியது. மூஸா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி லத்தீஃபா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "ஏங்க, நம்ம வீடு கிழக்கால இருக்கு."

"தெரியுது."

"அப்ப இது நம்ம புள்ள இல்ல. மேக்கால இருக்குறது ராம்கியோட ஊரு."

மூஸா, "பேசாம அடக்கிடலாம் லத்தீஃபா" என்றார். "அங்க இந்நேரம் எரிச்சிருப்பாங்க. போய்ச் சொல்லி என்ன ஆவப்போவுது? நம்ம புள்ளன்னே இருந்துட்டுப் போவட்டும்."

"அந்தப் பொம்பளையோட மவன் இங்க கெடக்கான். தெரிஞ்சப்புறம் எப்படிங்க மண்ணு போடுறது?"

வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டறைத் தரையை விட்டு வந்த பிறகும், திருவாரூர் தாண்டிச் சாலை வளைந்த இடமெல்லாம் பெட்டி உள்ளே திரும்பித் தன் திசையைப் பிடித்துக்கொண்டது. மேட்டூர் அணையைத் திறந்திருந்தார்கள். கீழ்வேளூர் வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. திருக்காட்டுப்பள்ளியில் புதுத் தண்ணீர் நுரைத்து ஓடியது. ராம்கியின் அப்பா நாகநாதன் மழித்த தலையோடு வாசலில் நின்றார். முந்தின நாள் கொள்ளி வைத்து, அன்று காலையில்தான் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூஸாவின் சட்டையைப் பிடித்தார். "எம் புள்ளய நான் எரிச்சிட்டேன். இன்னொரு தடவ வந்து சாவு சொல்றியா?"

யாரும் தொடாமலே பெட்டி வேனிலிருந்து இறங்கித் தெருவில் நகர்ந்து, அந்த வீட்டுப் படியில் தலைமாட்டை முட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகு அசையவில்லை. ராம்கியின் அம்மா அமிர்தம் வெளியே வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். நாகநாதனின் பிடி தளர்ந்தது.

அமிர்தம் லத்தீஃபாவைப் பார்த்து, "உங்க புள்ளைக்கு நாந்தாங்க பெட்டி மேல வாய்க்கரிசி போட்டேன்" என்றாள். "உங்க வழக்கம் தெரியாம தீயில வெச்சிட்டோம். மத்தபடி ஒரு குறையும் வெக்கலங்க."

"அழுதீங்களா?"

"தொண்ட கட்டுற வரைக்கும் அழுதேன்."

"அது போதும்மா" என்று லத்தீஃபா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் நாகநாதன் இரண்டாம் தடவையாகத் தன் மகனுக்குக் கொள்ளி வைத்தார். எரிந்து அடங்கும் வரை மூஸா சுடுகாட்டு ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் எந்த நெருப்பில் போனான் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்ததாக உடன் போனவர்கள் சொன்னார்கள்.

கீழ்வேளூரில் வெட்டிய குழியைத் திறந்து போடக்கூடாது, மூடிவிடலாம் என்று ஜமாஅத்தில் சொன்னார்கள். லத்தீஃபா விடவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்று அந்தக் குழியிலும் அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. சுற்றியிருந்த கிணறுகளில் எல்லாம் புதுத் தண்ணீரின் செந்நிறம். இதில் மட்டும் சாம்பல் நிறம். திருக்காட்டுப்பள்ளி ஆற்றுத் தண்ணீர் கீழ்வேளூருக்கு வராது, அது வேறு கிளை என்று பொதுப்பணித்துறையில் சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது, அடியில் சாம்பல் ஓர் ஆள் நீளத்துக்கு, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாற்போல் படிந்திருந்தது. ஹஜ்ரத் முன்னால் நிற்க, தொழுது மண்ணைத் தள்ளினார்கள்.

திருக்காட்டுப்பள்ளிக்கு ஆள் போய்ச் சொன்னபோது அமிர்தம் வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். "வந்து சேந்துட்டானா" என்று மட்டும் கேட்டாளாம்.